தாம்பரத்துக்கு ஏழு கூரை வேண்டும்

இரவு பதினொன்றரை வாக்கில் மேற்குத் தாம்பரம் ஜி.எஸ்.டி. சாலையோரக் கடைகளின் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கும். அந்தச் சத்தத்துக்காகவே எதிர்ப்பக்கம் காத்துக்கொண்டிருக்கும் ஆட்கள் உண்டு. ஷட்டர் இறங்கினால்தான் கடை வாசல் காலியாகும், வாசல் காலியானால்தான் அட்டையை விரிக்கலாம். நான் சொல்லப்போகும் பெரியவரின் அட்டையைப் பகல் முழுக்கக் கடைக்காரரே ஜெனரேட்டருக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார். ஃபிரிட்ஜ் வந்த பெட்டியின் அட்டை. டி.வி. அட்டையைவிட இது கெட்டி, தரையின் ஈரம் சீக்கிரம் ஏறாது என்பது பெரியவரின் அனுபவம். காலை நாலரைக்குப் பூ மூட்டை வந்து இறங்குவதற்குள் எழுந்து மடித்துவிட வேண்டும். நடுவில் இருக்கும் ஐந்து மணி நேரம்தான் அவருடையது.

திண்டிவனம் பக்கத்துக்காரர். எழுபதை நெருங்கும் வயது. இளமையில் கட்டட வேலை, முதுகு விட்டுப்போனதும் வாட்ச்மேன். சேலையூர் பக்கம் எழும்பிக்கொண்டிருந்த ஓர் அடுக்குமாடிக்குக் காவல் இருந்தார். சிமென்ட் மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை, அதிலேயே சமையல், படுக்கை. கட்டடம் முடிந்தது, பால் காய்ச்சிக் குடி வந்தார்கள். மறுவாரம் ஏஜென்சியிலிருந்து யூனிஃபார்ம் போட்ட செக்யூரிட்டி பையன்கள் வந்தார்கள், கொட்டகையைப் பிரித்தார்கள். வேலையும் படுக்கையும் ஒரே காலையில் போயின. 40 வீடுகள் எழும்ப இரண்டு வருடம் காவல் காத்தவருக்கு, அன்று இரவு படுக்க இடமில்லை.

தாம்பரத்தில் தெருவில் படுப்பவர்களிடம் பேசிப் பாருங்கள். பலருடைய கதையும் இந்த ஜாடையில்தான் இருக்கும். கல்யாண சீசனில் மண்டபத்திலேயே தூங்கும் கேட்டரிங் ஆட்கள், ஓட்டல் மாடியில் படுத்துக்கொள்ளும் சப்ளையர்கள், சைட்டிலேயே குடும்பம் நடத்தும் கட்டடத் தொழிலாளர்கள். வேலையிடமே வீடாக இருந்தவர்கள் இவர்கள். தென்மாவட்டத்து ரயில்கள் சென்னைக்குள் நுழையும் வாசல் தாம்பரம் என்பதால், இறங்கிய இடத்திலேயே வேலை தேடி, வேலை போனதும் இறங்கிய இடத்துக்கே திரும்பி வருகிறார்கள். கேட்டால் ‘வீடில்லை’ என்று சொல்லமாட்டார்கள். ‘இப்போதைக்கு இங்க இருக்கேன்’ என்பார்கள். அந்த ‘இப்போதைக்கு’ பெரியவருக்கு நாலாவது வருடம்.

அவர் சட்டைப் பையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஆதார் அட்டை பத்திரமாக இருக்கிறது. அதிலுள்ள முகவரி, ஊரில் இடிந்து விழுந்த வீட்டுடையது. அதோடு இணைத்த செல் நம்பர், தூங்கும்போது யாரோ உருவிக்கொண்டு போன போனுடையது. எந்த அரசு வேலையாகப் போனாலும் ஓ.டி.பி. அந்தக் காணாமல்போன போனுக்கே போகிறது. நம்பரை மாற்றிவிடலாம் என்று ஒரு மையத்துக்குக் கூட்டிப்போனேன். கைரேகை விழவில்லை. முப்பது வருடம் சிமென்ட் தின்ற விரல்கள். “எண்ணெய் தடவி ஊறவெச்சுட்டு நாளைக்கு வாங்க” என்றார் அங்கிருந்த பெண். மூன்றாவது நாள் ஒரு கட்டைவிரல் விழுந்தது. பெரியவர் ஏதோ பரீட்சையில் தேறியவர்போல என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அடுத்தது ரேஷன் கார்டு. அது இருந்தால்தான் மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகைக்கு வழி, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கும் வழி. ஓர் அலுவலகத்தில் வாடகை ஒப்பந்தமோ கேஸ் பில்லோ கேட்டார்கள். “அட்ரஸ் இல்லாததுதானே சார் பிரச்னை?” என்றேன். “அப்ப அட்ரஸ் வந்ததும் வாங்க” என்றார். மனிதர் முரட்டுத்தனமாகச் சொல்லவில்லை. திரையில் அந்தக் கட்டத்துக்கு மேல் சிவப்பு நட்சத்திரம் இருந்தது, நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது.

ஒரு முதியோர் இல்லத்தில் போலீஸ் மெமோ இருந்தால்தான் சேர்ப்போம் என்றார்கள். மெமோ கேட்டுப் போன இடத்தில், “நல்லாத்தானே இருக்காரு, புகார் எதுவும் இல்லையே” என்றார்கள். இன்னோர் இடத்தில், “இது எங்க லிமிட் இல்லை.” லிமிட் என்ற இந்த வார்த்தை தாம்பரத்தில் தனி நூலுக்குத் தகும். நடைமேடை ரயில்வேயுடையது, பெரிய ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையது, மழைநீர்க் கால்வாய் மூடியும் உட்தெருவும் மாநகராட்சியுடையது. நிலையத்து வாசலில் நின்றால் 200 அடிக்குள் இத்தனை அதிகாரமும் கூடியிருக்கிறது. ஒருவர் விரட்டினால் இன்னொருவர் எல்லைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும் வசதி ஒன்றுதான் இதனால் விளைந்த நன்மை.

சட்டத்தில் இதற்கு வழி இல்லாமல் இல்லை. மக்கள் சிவில் உரிமைக் கழகம் 2001-இல் தொடுத்த உணவு உரிமை வழக்கு, 2010-க்குப் பிறகு வீடற்றவர்களின் பக்கம் திரும்பியது. பெருநகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம், வருடம் முழுக்க, 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2013-இல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் அந்தக் கணக்கையே விதியாக்கியது: லட்சம் பேருக்கு, 100 பேர் தங்கும் அளவுக்கு நிரந்தரக் கூரை. ஆளுக்கு 50 சதுர அடி. ரயில் நிலையம், பேருந்து நிலையம், சந்தை போன்று இவர்கள் கூடும் இடத்துக்குப் பக்கத்தில் அமைய வேண்டும். புதுக் கட்டடம்தான் வேண்டும் என்பதில்லை, இருக்கும் கட்டடத்தைச் சீரமைத்தாலும் போதும். தங்க வருபவருக்கு அடையாள அட்டை, ரேஷன், ஓய்வூதியம் வாங்கித் தருவதும் காப்பகத்தின் வேலை. பணம் ஒதுக்கியும் கூரைகள் எழவில்லை என்ற புகாரின் மேல், 2016 நவம்பரில் நீதிபதி கைலாஷ் கம்பீர் தலைமையில் ஒரு குழுவையே நீதிமன்றம் போட வேண்டியிருந்தது.

இப்போது நம்மூர்க் கணக்கைப் போடுவோம். 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளையும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து மாநகராட்சி ஆக்கினார்கள். 70 வார்டு. 2011 கணக்கெடுப்பை வைத்துக் கூட்டினாலே 7 லட்சம் பேரைத் தாண்டுகிறது. அதன்பின் வந்த அடுக்குமாடிகளைக் கணக்கில் சேர்க்காமலே, விதிப்படி ஏழு கூரை, 700 படுக்கை. எந்தத் தெருவில், எத்தனை படுக்கையோடு, ராத்திரி கதவைத் திறக்க எந்த நம்பர் என்று ஏழுக்கும் பலகை வைக்க வேண்டும். ரயில் நிலையத்தின் இரண்டு வாசலிலும், ஐந்து மண்டல அலுவலகங்களிலும் அந்தப் பலகை தொங்கவேண்டும். ராத்திரி ரோந்து வரும் போலீஸ்காரரின் பாக்கெட்டில் அந்தப் பட்டியல் இருந்தால், ‘எழுந்து போய்யா’ என்பதற்குப் பதில் ‘அங்க போய்ப் படு’ என்று சொல்ல அவருக்கும் ஒரு வழி கிடைக்கும்.

இதெல்லாம் ஆகிற காரியமா என்று கேட்பவர்கள் எதிரே இருக்கும் சென்னையைப் பார்க்கலாம். சென்னை மாநகராட்சி தொண்டு நிறுவனங்களைக் கொண்டு 40-க்கும் மேற்பட்ட காப்பகங்களை நடத்துகிறது. அரசு மருத்துவமனை வளாகங்களில் நோயாளியின் உடன் வந்தவர்கள் தங்கவும் தனியாக வைத்திருக்கிறது. தாம்பரத்துக்கு இது இன்னும் பொருந்தும். 1928-இல் டாக்டர் சவரிமுத்து ஆரம்பித்த காசநோய் சானடோரியம் இன்று பெரிய அரசு நெஞ்சக மருத்துவமனை. ஆந்திரத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். நோயாளிக்குக் கட்டில் உண்டு, கூட வந்த மனைவிக்கு மரத்தடிதான். இன்னும் பழைய கதை வேண்டுமென்றால், 1782 பஞ்சத்தில் மதராஸில் திறந்த மணியக்காரர் சத்திரத்திலிருந்து தொடங்கலாம். அதன் கஞ்சித்தொட்டிதான் பின்னாளில் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கே பேராக நின்றது.

மழை வந்தால் அரசு நிர்வாகமே இதைச் செய்து காட்டுகிறது. 2015-இல் முடிச்சூரும் வரதராஜபுரமும் முங்கியபோதும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதும் பள்ளிக்கூடங்களைத் திறந்து, பாய் போட்டு, பொங்கல் கொடுத்து, டாக்டரை உட்காரவைத்தார்கள். இதற்கு டெண்டர் விட்டு ஆறு மாதம் காத்திருக்கவில்லை. வீட்டுக்குள் தண்ணீர் வந்தவர்களுக்கு ஒரு ராத்திரியில் கிடைத்த கூரை, வீடே இல்லாதவர்களுக்கு எத்தனை ராத்திரி கழித்து வரும் என்பதுதான் கேள்வி.

தாம்பரத்தில் நல்ல மனசுக்குப் பஞ்சமில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நிலையத்து வாசலில் மூன்று வண்டி நிற்கும். பிறந்தநாள், திருமணநாள், நினைவுநாள். சில நாட்களில் தக்காளிச் சாதம் மட்டுமே மூன்று வண்டியிலும். பெரியவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “தம்பி, சோறு பிரச்னையே இல்ல. ஞாயித்துக்கெழம சாப்பிட்டே முடியல.” டிசம்பரில் போர்வை வரும். மழையில் நனைந்த போர்வையை எங்கே காயவைப்பது என்று கொடுத்தவருக்குத் தெரியாது, அதனால் ஜனவரியில் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் போர்வைகள் கிடக்கும். கொடுப்பவர்களைக் குறை சொல்லவில்லை, நானும் கொடுத்திருக்கிறேன். அந்த வண்டியில் வரும் பத்துப் பேரில் இரண்டு பேர், ஒரு நோட்டோடு வந்து உட்கார்ந்தால் எவ்வளவு நடக்கும் என்றுதான் சொல்ல வருகிறேன். யார், எத்தனை நாளாக, என்ன அட்டை இருக்கிறது, என்ன இல்லை, எந்த மருந்து நின்றுபோயிற்று என்று எழுதிக்கொள்ள வேண்டும். அடுத்த வாரம் அதே ஆளைத் தேடிப் போக வேண்டும்.

வடசென்னையில் பால் சுந்தர் சிங் 1995-இல் தொடங்கிய கருணாலயா தெருக் குழந்தைகளோடும் நடைபாதைக் குடும்பங்களோடும் செய்துவருவது இந்தப் பொறுமையான வேலையைத்தான். தலைமுறை தலைமுறையாகப் பாரிமுனை நடைபாதையில் வாழ்பவர்கள் உரிமை கேட்கும் ஆட்களாக நிற்கக் கற்றது அப்படித்தான்.

நம் பகுதிக்கும் போராடத் தெரியும். ‘சிட்லபாக்கம் ரைசிங்’ இளைஞர்கள் ஏரிக்காக மனு போட்டு, ஏரிக்கரையில் நின்று, அதிகாரிகளை விடாமல் நச்சரித்து என்ன செய்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். செம்பாக்கம், மாடம்பாக்கம் என்று ஏரிக்கு ஏரி ஆள் இருக்கிறது. தெருவிளக்குக்கு நலச்சங்கம், நாய்க்கு ஒரு வாட்ஸ்அப் குழு. தெருவில் படுப்பவருக்காகப் பேசும் சங்கம்தான் இல்லை. காரணம் கல்நெஞ்சு இல்லை என்றே நினைக்கிறேன். நலச்சங்கத்தில் சந்தா கட்ட வீட்டு எண் வேண்டும். 2022 நவம்பர் 1 முதல் நடக்கும் ஏரியா சபையில் உட்கார, அந்தப் பகுதி வாக்காளர் பட்டியலில் பெயர் வேண்டும். வீடில்லாதவர் இரண்டிலும் இல்லை. அவருக்குக் கூரை வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவர, வீடுள்ள ஒருவர்தான் கையைத் தூக்க வேண்டும்.

நலச்சங்கங்களுக்கு நான் வைக்கும் கோரிக்கை பெரிதல்ல. அடுத்த ஏரியா சபையில் சாக்கடை, குப்பை, மின்கம்பம் என்று வரிசையாகப் போகும் பட்டியலில் ஏழாவது எட்டாவதாக இதையும் சேருங்கள். ‘எங்கள் வார்டில் இரவு தெருவில் படுப்பவர்கள் இத்தனை பேர், இவர்களுக்கான காப்பகம் எது?’ ஒரு வரி போதும். அதையே தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி எழுத்தாகக் கேட்டால், பதில் சொல்ல 30 நாள் கெடு இருக்கிறது. 70 வார்டிலிருந்தும் இந்த ஒரு வரி போனால், அடுத்த பட்ஜெட்டில் அதற்கு ஒரு தலைப்பு போடாமல் தப்பிக்க முடியாது.

பணம் எங்கே என்ற கேள்வி வரும். நியாயம்தான். மத்திய அரசின் அந்த வாழ்வாதார இயக்கம் 2024 செப்டம்பரோடு முடிந்தது. காப்பகங்களையும் உள்ளடக்கிய புதிய வறுமை ஒழிப்பு இயக்கம் தயாராகிறது என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் அரசு சொன்னது. அதே விசாரணையில்தான், இலவசங்கள் கொடுத்து மக்களை வேலைக்குப் போகாதவர்களாக ஆக்குகிறோமா என்று நீதிபதி கவாய் கேட்டார். அவரை நாலரை மணிக்கு மேற்குத் தாம்பரம் பூக்கடைப் பக்கம் அழைத்து வந்து நிறுத்த ஆசை. அட்டையை மடித்த கையோடு மூட்டை இறக்கும் ஆட்களைக் காட்டலாம்.

தெருவுக்கு வந்தபின் கூரை தேடுவதைவிட, தெருவுக்கு வராமல் பார்ப்பது சுலபம், செலவும் குறைவு. 2025 மே மாதம் அனகாபுத்தூரில் அடையாற்றங்கரையிலிருந்து நூற்றுக்கணக்கான வீடுகளை அகற்றினார்கள். பெரும்பாக்கம், கீரப்பாக்கம் போன்ற இடங்களில் மாற்று வீடு. ஆற்றை மீட்க வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் காலையில் பல்லாவரத்தில் ஐந்து வீட்டுக்குப் பாத்திரம் கழுவும் பெண்ணுக்குப் பெரும்பாக்கத்திலிருந்து முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று யாராவது பார்த்தார்களா? பஸ் இல்லாவிட்டால் வேலை போகும். வேலை போகக்கூடாது என்றால் பழைய இடத்துக்கே திரும்பி எங்காவது ஒண்ட வேண்டும். வீட்டுச் சாவி கையில் இருக்கும்போதே தெருவில் படுப்பவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள். பள்ளிக்கூட அரைப் பரீட்சைக்கு நடுவில், மழைக்காலத்தில் வீட்டை இடிக்காதிருப்பதற்கு ஒரு நாள்காட்டி போதும்.

வாடகைக்குப் போகலாமே என்றால், அட்வான்ஸ். 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்கிறது. கூடவே, இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் ஒழிய என்று ஓட்டையையும் போட்டு வைத்திருக்கிறது. கையில் காசில்லாதவர் எதற்குத்தான் ஒப்புக்கொள்ள மாட்டார்? வேலைக்குப் போகும் பெண்களுக்காகத் தாம்பரத்திலும் கூடுவாஞ்சேரியிலும் அரசு நடத்தும் ‘தோழி’ விடுதிகளை மக்கள் பாராட்டுகிறார்கள். அதே கையால் கட்டடத் தொழிலாளிக்கும் கேட்டரிங் பையனுக்கும் நாள் வாடகைப் படுக்கை தர முடியாதா? சிறு பூட்டுப் பெட்டி ஒன்றும் வேண்டும். பெரியவரின் போன் போனது படுக்கும் இடத்தில் பூட்டு இல்லாததால்தான்.

மனநலம் குன்றி அலைபவர்களின் நிலை வேறு. அவர்களுக்கு அட்டையும் படுக்கையும் மட்டும் போதாது. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 100-ஆம் பிரிவு, அப்படி அலைபவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவதைக் காவல்துறையின் கடமை ஆக்குகிறது. காணாமல் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து, குடும்பத்தைத் தேடவும் சொல்கிறது. தன்னார்வலர் யாராவது இந்தப் பிரிவை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு போனால், பேச்சின் தொனியே மாறுவதைப் பார்த்திருக்கிறேன். வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் 1993-இல் சென்னையில் தொடங்கிய ‘தி பான்யன்’ இன்னொரு படி மேலே போனது. குணமாகியும் போக இடமில்லாத பெண்கள் நாலைந்து பேரைச் சேர்த்து, சாதாரணத் தெருவில் சாதாரண வாடகை வீட்டில் குடிவைத்தது. ‘முதலில் வீடு, மற்றதெல்லாம் பிறகு’ என்று ஃபின்லாந்து 2008 முதல் செய்துவருவதை உலகம் மெச்சுகிறது. அதன் தமிழ்நாட்டுப் பதிப்பு, பக்கத்து வீட்டில் தோசைக்கு மாவு கடன் கேட்கும் இந்தப் பெண்களின் குடித்தனம்.

இன்னொரு தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். 2011 கணக்கெடுப்பில் வீடற்றவர்களை எண்ணியது ஒரே ஓர் இரவில், பிப்ரவரி 28. அன்று எண்ணியதில் நாடு முழுக்க 17.7 லட்சம் பேர். அடுத்த கணக்கெடுப்பின் குறிப்புத் தேதி 2027 மார்ச் 1. வழக்கப்படி அதற்கு முந்தைய இரவுதான் நடைமேடையும் மேம்பாலத்தடியும் எண்ணப்படும். அந்த ஓர் இரவில் விட்டுப்போனவர் பத்து வருடத்துக்குக் கணக்கில் இல்லை, அவருக்கான படுக்கையும் இல்லை. எந்த மூலையில் யார் படுக்கிறார் என்பது கணக்கெடுக்க வரும் ஆசிரியைக்குத் தெரியாது. சோற்று வண்டிக்காரர்களுக்குத் தெரியும், டீக்கடைக்காரருக்குத் தெரியும். அன்று கூட நடக்க ஆள் வேண்டும். கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்துக்கும் ஒரு குழு போகவேண்டும். 2023 கடைசியில் திறந்த அந்த நிலையம் மாநகராட்சிக்கு வெளியே, ஊராட்சிப் பகுதியில் இருக்கிறது. லட்சத்துக்கு ஒன்று என்ற நகரத்து விதி, ஊருக்கெல்லாம் பஸ் புறப்படும் அந்த இடத்துக்குப் பொருந்துமா என்று இப்போதே ஒரு வாக்குவாதம் கிளம்பும்.

கடைசியாக, வாக்காளர் பட்டியல். வீடற்றவர் பெயர் சேர்க்க 6-ஆம் எண் படிவம் கொடுத்தால் முகவரிச் சான்று கேட்கக்கூடாது என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. அவர் எழுதிய இடத்தில்தான் படுக்கிறாரா என்று வாக்குச்சாவடி அலுவலர் இரவில் வந்து பார்க்க வேண்டும். ஓர் இரவு மட்டும் அல்ல, ஒன்றுக்கு மேற்பட்ட இரவு. நம் அரசாங்கத்தில் ‘அட்ரஸ் வந்ததும் வாங்க’ என்று சொல்லாத ஒரே படிவம் இதுவாகத்தான் இருக்கும். ஊர்ப் பட்டியலிலிருந்து பெரியவர் பெயர் எப்போதோ போய்விட்டது. படிவத்தை நான் நிரப்பினேன். முகவரிக் கட்டத்தில் கடையின் பெயரைப் போட்டு, ‘வாசல், ஜி.எஸ்.டி. சாலை, மேற்குத் தாம்பரம்’ என்று எழுதினேன். கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. பெரியவர் அந்தக் கட்டத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்:

“எந்த ராத்திரி வருவாங்க தம்பி? மழை பேஞ்சா நான் பாலத்துக்கு அடியில போயிடுவேன். அன்னைக்குப் பார்த்து வந்துட்டாங்கன்னா?”